இருபதிலிருந்து எண்ணியவர்

இரவு பதினொன்று ஐம்பது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம் போகிற ரோடு. ஒரு பக்கம் சலவைக்கூடத்தின் சுவர். இன்னொரு பக்கம் பிணவறையின் சுவர். நடுவில் மூன்று விளக்குக் கம்பங்கள்... எரிவது ஒன்று. அந்த ஒன்றும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் எரியும்.

அந்த ரோட்டில் ஒருவன் தனியாக நடந்து போய்க்கொண்டிருந்தான்.

யார் என்று சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். கரண்ட் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். வீட்டுக்குள் ஒரே புழுக்கம், இந்தப் படிக்கட்டில்தான் கொஞ்சம் காற்று வருகிறது. கணக்கு டீச்சர், நீங்கள் இப்படிச் சுவர் ஓரமாக நகருங்கள். தையல்காரரே, அந்த மெழுகுவர்த்தியைக் கீழே வையுங்கள். தாடைக்குக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் உங்களைப் பார்த்தே பாதிப் பேர் எழுந்து ஓடிவிடுவார்கள்.

நடந்து போனவன் நம் மாடிவீட்டு அக்காவின் தம்பி. டாக்டர் தம்பி. அக்கா இன்று வீட்டில் இல்லை, அதனால்தான் வாயைத் திறக்கிறேன். இருந்திருந்தால் இரண்டாவது வரியிலேயே என்னை நிறுத்தியிருப்பாள்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. "கால் நிமிஷம்."

நாடி பார்க்க வேண்டுமென்றால் ஒரு முழு நிமிஷம் கையைப் பிடித்து எண்ண வேண்டுமாம். இவன் பதினைந்து வினாடி எண்ணுவான், நாலால் பெருக்குவான், எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவான்.

"கணக்கு சரிதானேக்கா?" என்கிறீர்கள். கணக்கு சரி டீச்சர். அந்தக் கணக்கு நமக்குத்தான் தெரியும், இதயத்துக்குத் தெரியாது.

அந்தப் பெயரை வைத்தவர் டீன். மருத்துவக் கல்லூரி டீன். போய்ச் சேர்ந்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கதையே அவரைப் பற்றியதுதான்.

அந்த மனுஷனை நான் பார்த்திருக்கிறேன். தலைசுற்றல் என்று ஒருமுறை போயிருந்தேன். டீன் என்றால் குளிர்சாதன அறை, நாலு பேர் சூழ வருவார் என்று நினைத்தால், தானே ஒரு ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்தார். மூன்று கால் இரும்பு ஸ்டூல். ஒரு காலில் ரப்பர் கிடையாது. கிரீச்... டக். கிரீச்... டக். வார்டில் அந்தச் சத்தம் கேட்டால் மாணவர்கள் சட்டைப் பொத்தானைப் போடுவார்களாம், நோயாளிகள் எழுந்து உட்காருவார்களாம். நின்றுகொண்டு யாரையும் தொட மாட்டார். "நின்னுகிட்டு நாடி பாக்கறவன் பஸ்ஸுக்குக் காத்திருக்கறவன்" என்பார்.

என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயில் கிராம்பு வாசனை. இரண்டு உள்ளங்கைகளையும் சூடு பறக்கத் தேய்த்தார். அப்புறம்தான் என் கையைத் தொட்டார். கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருந்தார், சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். டிக் டிக் என்று அது என் காதுக்கே கேட்டது. நான் பாட்டுக்கு எதிர்வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம். நீங்க பேசினா இதுவும் கூடவே ஓடுது" என்றார்.

என் வீட்டுக்காரர் அதை இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

அந்த ஒரு நிமிஷம் முழுக்க அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காகிதத்தை இல்லை, கம்ப்யூட்டரை இல்லை, என்னை. என் வீட்டுக்காரர் கல்யாணத்தன்றுகூட என்னைத் தொடர்ந்து ஒரு நிமிஷம் பார்த்ததில்லை. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஊரே அந்த ஆளின் மேல் உயிரை வைத்திருந்தது. அவர் போன அன்று லிஃப்ட் ஓட்டுகிறவர் லிஃப்டை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதார். எல்லாரும் படியேறித்தான் போனோம், ஒருத்தரும் அவரைத் திட்டவில்லை.

சரி, டாக்டர் தம்பிக்கு வருகிறேன்.

மாணவனாக இருந்தபோது ஒருநாள் பிடிபட்டான். படுக்கையில் இருப்பவருக்கு நாடி எவ்வளவு என்று டீன் கேட்டார்.

"எண்பது சார்."

"எப்படி எண்பது?"

"இருபது... இன்ட்டு நாலு சார்."

"மிச்சம் முக்கால் நிமிஷம் அவர் என்ன பண்ணினார்?"

இவன் கேஸ் ஷீட்டைப் புரட்டினான்.

"தெரியாதுல்ல? எனக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உனக்கு வெள்ளைக் கோட்டு குடுத்திருக்கு, கால் நிமிஷம்."

பெயர் ஒட்டிக்கொண்டது. இவன் படித்து, பட்டம் வாங்கி, அதே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, தலையில் முன்பக்கம் முடி கொட்டிய பிறகும் அதே பெயர்தான். அதற்கெல்லாம் அவன் கோபப்பட மாட்டான். டீன் கூப்பிட்டால் காலில் சக்கரம் கட்டியதுபோல் ஓடுவான். டீனுக்கும் பிள்ளை குட்டி கிடையாது, இவன்மேல் தனிப் பிரியம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அதனால்தான் வந்தது வினை.

முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம். பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். "கடைசி ராத்திரி கூட இருந்தவர் நீங்கதான் டாக்டர். நினைவுரை நீங்கதான் பேசணும். டீன் அம்மாவும் உங்க பேரைத்தான் சொன்னாங்க."

டீன் அம்மா என்றால் டீனுடைய மனைவி.

தன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் போடுகிற கூச்சலில் எழுத முடியவில்லை என்று தம்பி இங்கே அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஒன்பது நாள். அவன் இருந்த அறை என் படுக்கையறைக்கு நேர் மேலே. நாற்காலி இழுக்கும். நடப்பான். உட்காருவான். பர்ர்ர் என்று காகிதம் கிழியும். மறுபடி நாற்காலி. ஒரு டாக்டருக்கு நாலு பக்கம் எழுத வராதா? மருந்துச் சீட்டை மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் கிறுக்கித் தருகிறார்களே!

குப்பைக் கூடையில் கிடந்ததை நான் தேடிப் போய் எடுக்கவில்லை. கண்ணில் பட்டது. ஒன்பது நாளும் பட்டது.

எல்லாம் ஒரே மாதிரி. "அன்னார் ஒரு சகாப்தம்." "அன்னார் ஒரு பல்கலைக்கழகம்." "அன்னார் ஒரு கலங்கரை விளக்கம்." அந்த ஸ்டூல் எங்கே, அந்தக் கிராம்பு எங்கே என்று எனக்கே எரிச்சல் வந்தது. அப்படியே இரண்டு பக்கம் ஓடும். அப்புறம் ஒரு வரி. "கடைசி இரவு நான் அவருடன் இருந்தேன். அப்போது அவர் என்னிடம்..."

அவ்வளவுதான். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பதினேழு காகிதம் எண்ணினேன். பதினேழும் "என்னிடம்" என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

என்னிடம் என்ன? சொல்லித் தொலையேன்!

எனக்கே இப்படியென்றால் டீன் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு வருஷமாக அவள் அவனிடம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "கடைசியா என்னப்பா சொன்னார்?" ஒவ்வொரு முறையும் இவன் வேறு வேறு பதில் சொன்னான். எல்லாரையும் விசாரித்தார் என்றான். உங்களைப் பற்றித்தான் பேசினார் என்றான். அவளும் தலையாட்டுவாள். அடுத்த மாதம் மறுபடி கேட்பாள்.

உண்மையில் நடந்தது இதுதான். பின்னால் அவனே என்னிடம் சொன்னது, ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கவில்லை.

டீன் ஒருநாள் மத்தியானம் வகுப்பில் லேசாகச் சாய்ந்திருக்கிறார். பிடித்து உட்கார வைத்தார்கள். இசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. அந்தக் கோளாறு அப்படித்தானாம். வரும், போகும், எடுக்கிற நேரத்தில் ஒளிந்துகொள்ளும். ஒரு ராத்திரி இருங்கள் என்றார்கள். தனி அறை வேண்டாம், என் வார்டிலேயே படுக்கிறேன் என்று ஒன்பதாம் படுக்கைக்குப் போனார், ஜன்னல் ஓரம். மானிட்டர் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பக்கத்துப் படுக்கையில் ஒருத்தருக்கு மூச்சு வாங்கியது. "அதை அவருக்கு மாட்டு. எனக்கு எதுக்குப் பொட்டி? உங்களுக்கெல்லாம் கை இல்லியா?" என்று சொல்லிவிட்டார்.

ராத்திரி மூன்றே காலுக்கு இவன் வந்தான். வார்டில் முப்பத்திரண்டு பேர். உதவிக்கு வர வேண்டிய இரண்டு பேரும் வரவில்லை. மாலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கையைக் கழுவிய ஈரத்தோடு டீன் கையைப் பிடித்தான். நின்றுகொண்டே.

பதினைந்து வினாடி. பத்தொன்பது. பத்தொன்பதை நாலால் பெருக்கினால்...

ஆமாம் டீச்சர், எழுபத்தாறு. அதைத்தான் எழுதினான்.

டீன் கண்ணைத் திறந்து பார்த்தார். "முழுசா எண்ணினியா?"

"எண்ணினேன் சார்."

கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாராம். அப்புறம், "சரி. போ. உனக்கு வேலை கெடக்கு" என்றார்.

போய்விட்டான். ஐந்து மணிக்கு நர்ஸ் வந்து பார்க்கும்போது டீன் இல்லை. அவருடைய வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்ததாம்.

இடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. நாடி விட்டு விட்டு அடிக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒரு கம்பியை உள்ளே விட்டு, பேட்டரி வைத்து, அந்த இதயத்தை ஓட வைத்திருக்கலாமாம். இவன் மட்டும் நின்று இன்னும் நாற்பத்தைந்து வினாடி எண்ணியிருந்தால். இது யாருக்கும் தெரியாது. கேஸ் ஷீட்டில் எழுபத்தாறு என்று அழகாக எழுதியிருக்கிறது. ஊரெல்லாம், கடைசிவரை கூட இருந்த பிள்ளை என்று அவனைக் கொண்டாடுகிறது. அதைத்தான் அவனால் எழுதவும் முடியவில்லை, எழுதாமல் விடவும் முடியவில்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் ராத்திரி பதினெட்டாவது காகிதமும் கிழிந்தது. நாற்காலி விழுந்தது. அவன் தடதடவென்று படியிறங்கிப் போனான், இதோ இந்தப் படிதான். வார்டுக்கே போய் அந்த ஒன்பதாம் படுக்கைப் பக்கத்தில் உட்கார்ந்தால் எழுத வருமோ என்று நினைத்தானாம்.

பதினொன்று ஐம்பது. சலவைக்கூடச் சுவர். பிணவறைச் சுவர்.

முதல் கம்பத்தைத் தாண்டினான். வெள்ளாவி வாசனை, கொதித்த சோப்புத் தண்ணீர். பழகிய வாசனைதான். இரண்டாவது கம்பத்தருகில்... அந்த வாசனைக்கு நடுவே வேறொன்று.

கிராம்பு.

நின்றான். யாருமில்லை. மறுபடி நடந்தான். பின்னால்...

கிரீச்... டக்.

தார் ரோட்டில் இரும்பு உரசுகிற சத்தம்.

கிரீச்... டக்.

இவன் வேகமாக நடந்தால் அது வேகமாக வரவில்லை. அதே நிதானம். ஆனால் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எரிகிற கம்பத்துக்கு அடியில் போய் நின்றுவிட்டான். வெளிச்சத்தில் நின்றால் ஒன்றும் வராது என்று ஒரு நம்பிக்கை, படித்தவனுக்கும் அதுதான், நமக்கும் அதுதான்.

சத்தம் அவன் இடது பக்கத்தில் வந்து நின்றது. டக்.

உள்ளங்கை இரண்டும் உரசுகிற ஓசை. சர்... சர்... சர்...

அப்புறம் அவன் இடது மணிக்கட்டில் மூன்று விரல்கள்.

"சில்லுன்னு இருந்திருந்தா ஓடியிருப்பேன்க்கா" என்றான் என்னிடம். "கதகதப்பா இருந்துது. அதான் ஓட முடியல."

டிக். டிக். டிக். உள்பக்கமாகக் கட்டிய கடிகாரம்.

ஒரு குரல் எண்ண ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து இல்லை.

"இருபது..."

பத்தொன்பது வரைக்கும் இவன் போன வருஷம் எண்ணியிருந்தான் அல்லவா? மிச்சம் அங்கிருந்துதான் தொடங்கியது.

"இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு..."

பயத்தில் இவனுடைய இதயம் அடித்துக்கொண்ட வேகத்துக்கு நூற்று முப்பதாவது இருந்திருக்கும். குரல் அந்த வேகத்தில் எண்ணவில்லை. மெதுவாக, ஒவ்வொன்றாக எண்ணியது. கை இவனுடையது. நாடி இவனுடையது இல்லை.

"முப்பத்தொண்ணு..."

நின்றது. டிக். டிக். டிக். டிக்.

ஒன்றுமே இல்லை. நாலு வினாடி.

"...முப்பத்திரெண்டு."

அங்கே இருந்தது அந்த இடைவெளி. அன்று ராத்திரி இவன் முதுகைத் திருப்பிக்கொண்டு போன பிறகு விழுந்த இடைவெளி. திரும்பவும் ஒன்று வந்தது, நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவில். எதுவுமே படிக்காத எனக்குக்கூட அவன் சொல்லும்போது புரிந்தது. ஒரு குழந்தை எண்ணியிருந்தால் கண்டுபிடித்திருக்கும்.

"ஐம்பது... ஐம்பத்தொண்ணு."

விரல்கள் விட்டுவிட்டன.

பயம் போய்விட்டதாம். ஒரு வருஷமாக உள்ளே கிடந்தது அப்போது வெடித்தது. அந்த ரோட்டில் நின்றுகொண்டு கத்தியிருக்கிறான். "தெரியும்ல சார் உங்களுக்கு? உங்க கையை நீங்களே பிடிச்சுகிட்டுதானே இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? 'டேய், மறுபடியும் எண்ணு'ன்னு ஒரே ஒரு வார்த்தை! அதை விட்டுட்டு, சரி போன்னு... சரி போன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

கிரீச்... டக். கிரீச்... டக். சத்தம் வார்டுப் பக்கம் போய்த் தேய்ந்தது.

அவன் திரும்பி வந்தபோது கேட்டைத் திறந்தது நான். தற்செயலாக விழித்திருந்தேன். தற்செயலாக டார்ச்சும் கையில் இருந்தது. அவன் முகத்தில் அடித்துப் பார்த்தேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. இந்தப் படியில்தான் உட்கார்ந்தான். டீச்சர், நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே படி. நகர வேண்டாம், சும்மா சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். எல்லாவற்றையும் கொட்டினான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா தம்பி" என்றேன்.

தெரிந்துதான் சொன்னானோ என்னவோ.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கல்லூரிக் கூடம். எனக்கு அழைப்பு இல்லை. அழைப்பு இல்லாத இடத்துக்குப் போக எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. முன் வரிசை நடுவில் டீன் அம்மா. மேடையில் பெரிய போட்டோ. டாக்டர் தம்பி கையில் காகிதமே இல்லாமல் மைக் பக்கத்தில் நின்றான்.

செயலாளர் ஆரம்பித்தார். சகாப்தம், பல்கலைக்கழகம், கலங்கரை விளக்கம்... குப்பைக் கூடையில் படித்ததெல்லாம் வேறொருவர் வாயிலிருந்து வந்தது. அப்புறம், "அன்னாரின் நினைவாக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காப்போம்" என்றார்.

எழுந்தோம்.

உங்களுக்குத் தெரியாததா? எந்தக் கூட்டத்தில் இந்த ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாக இருந்திருக்கிறது? ஒருத்தர் இருமுவார். ஒருத்தர் செல்போனைத் தடவுவார். நாம் பன்னிரண்டு எண்ணுவதற்குள் மேடையில் தொண்டையைக் கனைத்து விடுவார்கள். செயலாளரும் கனைத்தார். "நன்றி. அமரலாம்."

பாதிப் பேர் உட்கார்ந்தே விட்டார்கள்.

"யாரும் உக்காராதீங்க." டாக்டர் தம்பி. தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பதினஞ்சு வினாடிதான் ஆயிருக்கு. இன்னும் நாப்பத்தஞ்சு இருக்கு."

செயலாளர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் நகரவில்லை. உட்கார்ந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார்கள்.

நாற்பத்தைந்து வினாடி எவ்வளவு நீளம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. எங்கேயோ மின்விசிறி சுற்றியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின் வரிசைக்கும் பின்னால்... கதவுப் பக்கம்...

கிரீச்... டக்.

யாரும் திரும்பவில்லை. நானும்தான். முன்னால் நின்றவர்கள் கழுத்தெல்லாம் விறைத்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது. டீன் அம்மா மட்டும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பழகிய ஒன்றைப் பார்த்ததுபோல முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நிமிஷம் முடிந்தது.

"சார் கடைசியா என்ன சொன்னார்னு டீன் அம்மா என்னை ஒரு வருஷமாக் கேக்கறாங்க" என்று தொடங்கினான். "நான் சொன்னதெல்லாம் பொய்ம்மா. சார் கேட்டது ஒண்ணுதான். 'முழுசா எண்ணினியா?' நான் எண்ணல. எண்ணினேன்னு சொன்னேன். பதினஞ்சு வினாடி எண்ணி எழுபத்தாறுன்னு எழுதினேன். முழுசா எண்ணியிருந்தா ஐம்பத்தொண்ணுன்னு தெரிஞ்சிருக்கும். சார் இன்னிக்கு இருந்திருப்பார்."

செயலாளர் மைக்கைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று கையை நீட்டி நீட்டி மடக்கினார்.

டீன் அம்மா எழுந்தாள்.

"ஐம்பத்தொண்ணுன்னு உனக்கு யாருப்பா சொன்னா?"

அவன் தன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"அது எந்தச் சீட்டுலயும் இல்ல. எனக்கு மட்டும்தான் தெரியும். அன்னிக்கு ராத்திரி ஒம்போது மணிக்குப் போன் பண்ணினார். 'எனக்கு ஐம்பத்தொண்ணு இருக்கு, விட்டு விட்டு வருது. பசங்க வருவாங்க, எவன் கண்டுபிடிக்கறான்னு பாக்கலாம்'னு சொல்லிச் சிரிச்சார். 'வெளையாடற வயசா, வாயைத் தொறந்து சொல்லுங்க'ன்னேன். 'நான் சொல்லிட்டா அப்புறம் அவன் எப்பக் கத்துப்பான்'னுட்டு வெச்சிட்டார்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஒரு வருஷமா அந்த மனுஷன் போட்டோகிட்டதான் நான் சண்டை போட்டுகிட்டு இருக்கேன். ஊருக்கெல்லாம் வாத்தியார். சாகறப்பவும் பரீட்சை வெச்சிட்டுப் போன வாத்தியார். கூட இருந்தவளைப் பத்தி ஒரு நிமிஷம் நெனைச்சாரா?"

அழுவாள் என்று நினைத்தோம். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் போட்டோவை ஒரு முறை முறைத்தாள் பாருங்கள்... போட்டோ தலையைக் குனியாதது ஆச்சரியம். அப்புறம் அவனிடம் சொன்னாள்.

"உக்காருப்பா. இனிமேலாவது முழுசா எண்ணு."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பான்.

அதற்கப்புறம் விசாரணை, கடிதம், பதில் கடிதம் என்று இழுத்தார்கள். வர வேண்டிய பதவி உயர்வு போயிற்று. வேலை போகவில்லை. ராத்திரி டியூட்டி எனக்கே போடுங்கள் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். இப்போது ஒவ்வொருத்தருக்கும் முழு நிமிஷம் எண்ணுகிறானாம். தங்கள் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை.

கதை இத்தோடு முடிந்தால் நானும் எழுந்து போய்ப் படுத்திருப்பேன்.

போன வாரம் அந்த வார்டு நர்ஸ் என்னிடம் ஒன்று சொன்னாள். டீனுடைய ஸ்டூல் இன்னும் அந்த வார்டில்தான் இருக்கிறது. டாக்டர் தம்பி எல்லாப் படுக்கைக்கும் வேறொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் எண்ணுகிறான். ஒன்பதாம் படுக்கையில் மட்டும் நின்றுகொண்டே எண்ணுகிறான். ஏன் டாக்டர் என்று கேட்டால் அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறான்.

அன்று ஒன்பதாம் படுக்கையில் ஒரு பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் கட்டு. விடிந்ததும் நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்.

"ராத்திரி ஏன் சிஸ்டர் எனக்கு மட்டும் ரெண்டு டாக்டர்? ரொம்ப சீரியஸா?"

"ரெண்டு பேரா? டியூட்டியில ஒருத்தர்தானே?"

"இல்லியே. ஆளுக்கொரு கையைப் பிடிச்சாங்க. ஒருத்தர் நின்னார். ஒருத்தர் ஸ்டூல் போட்டு உக்காந்தார். நின்னவர் எண்ணி முடிச்சதும் உக்காந்தவரைப் பாத்தார். அவர் தலையாட்டினதும்தான் எழுதினார்." பெயிண்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஒரு கை நல்ல கதகதப்பு சிஸ்டர். தூக்கமே வந்திடுச்சு. இன்னொரு கைதான்... பொணம் தொட்ட மாதிரி சில்லுன்னு இருந்துது."

"எந்தக் கை?"

"நின்னவரோடது."